உரிமை பேசும் அமைப்பின் உள்ளே: சமூக நீதி எந்தெந்த முடிவுகளில் தெரியும்?

தனியுரிமைக்காக வழக்காடுகிற, இணைய முடக்கத்தை எதிர்க்கிற ஓர் அமைப்பு ஏன் திடீரென்று இனம், சாதி, பாலினம், ஊதியம் என்று பேசத் தொடங்குகிறது? டிஜிட்டல் உரிமை அமைப்புகளின் அண்மைக்கால அறிக்கைகளைப் படிப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 'சொந்த வேலையை விட்டுவிட்டு அரசியல் பேசுகிறார்கள்' என்கிறது ஒரு தரப்பு. 'பேச்சோடு சரி, உள்ளே எதுவும் மாறவில்லை' என்கிறது இன்னொரு தரப்பு. முதல் புகார் தவறான புரிதலில் பிறந்தது. இரண்டாவதில் நிறையவே உண்மை இருக்கிறது. அறிக்கை வெளியிடச் செலவில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமையும் பணமும் கைமாறாத வரை அமைப்பு பழையபடிதான் இருக்கும்.

## பின்னணி

டிஜிட்டல் உரிமை என்பது கருத்துரிமை, தனியுரிமை, தகவல் பெறும் உரிமை, பாகுபாடின்றி நடத்தப்படும் உரிமை ஆகியவற்றைக் கணினிக்கும் இணையத்துக்கும் நீட்டிப்பது. 1990-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன், ஐரோப்பிய அமைப்புகள் 2002-இல் சேர்ந்து உருவாக்கிய எட்ரி கூட்டமைப்பு, 2009-இல் தோன்றிய ஆக்ஸஸ் நவ் போன்றவை இத்துறையில் பரவலாக அறியப்பட்டவை.

இத்துறையின் முதல் தலைமுறையில் நிரலாளர்களும் வழக்கறிஞர்களும் அதிகம். கருத்துத் தணிக்கை, மறையாக்கத்தின் (பிறர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் முறை) மீதான கட்டுப்பாடு, பதிப்புரிமைச் சட்டம் ஆகியவை அவர்களுடைய கவலைகள். அவர்கள் மனத்தில் இருந்த 'பயனர்' தனிக்கணினி வைத்திருப்பவர். சட்டத்தின் முன் ஏற்கெனவே சமமாக மதிக்கப்படுபவர். அரசு அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டாலே போதும்.

நடைமுறையில் பாதிப்பு அப்படிச் சமமாக வந்து சேரவில்லை. மூன்று எடுத்துக்காட்டுகள்:

1. முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கருநிறப் பெண்களிடம் பிழை விகிதம் 34.7 சதவீதம் வரை சென்றது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழையே 0.8 சதவீதம்தான்.

2. நெதர்லாந்தில் நலத்திட்ட மோசடியைக் கண்டுபிடிப்பதற்காக அரசின் பல துறைகளின் தரவுகளை இணைத்த 'சிரி' (SyRI) என்ற அமைப்புமுறை, ஏழைகள் வாழும் பகுதிகளில்தான் பயன்படுத்தப்பட்டது. அதற்கு அடிப்படையான சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5-இல் தீர்ப்பளித்தது.

3. அதே நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாக முத்திரை குத்தப்பட்டார்கள். குடியுரிமை விவரம் ஆபத்தைக் கணிக்கும் காரணிகளில் ஒன்றாக இருந்தது. இந்த விவகாரத்தால் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

கண்காணிப்பின் எடை யார் மேல் முதலில் விழுகிறதோ, அவர்கள் அதை எதிர்க்கும் அமைப்புகளுக்குள் இல்லை. இந்த இடைவெளியிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. 2020-இல் ஐரோப்பாவில் டிஜிட்டல் உரிமை வழக்குகளுக்கு நிதி தரும் டிஜிட்டல் ஃப்ரீடம் ஃபண்டும் எட்ரியும் ஐரோப்பிய டிஜிட்டல் உரிமைத் துறையைக் காலனியக் கட்டமைப்பிலிருந்து விடுவிப்பதற்கான முயற்சியைத் தொடங்கியதற்கும் இதுவே காரணம்.

## எந்தப் பிரச்சினையைக் கையிலெடுப்பது?

ஓர் அமைப்பின் நீதியுணர்வை அதன் வேலைத்திட்டத்தில் பார்க்கலாம். முகமறி கேமராவை எடுத்துக்கொள்வோம். புவோலம்வினி–கெப்ரு ஆய்வைப் படித்த ஒருவர் 'எல்லா நிறத்தவரையும் சமமாக அடையாளம் காணும்படி மென்பொருளைத் திருத்துங்கள்' என்று கோரலாம். காவல்துறையால் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கண்காணிக்கப்படும் சமூகத்துக்கு இந்தத் திருத்தம் ஆபத்து. இன்னும் துல்லியமாகக் கண்காணிக்கப்படுவார்கள், அவ்வளவுதான். அவர்கள் கேட்பது பெரும்பாலும் தடை. அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கோரிக்கையே தலைகீழாகிவிடுகிறது.

இதை நடைமுறையாக்க வேண்டுமானால், புதிய திட்டம் ஒவ்வொன்றும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்: இந்தப் பாதிப்பை யார் முதலில், யார் மிகுதியாகச் சுமக்கிறார்கள்? அவர்களில் யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள்? அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்துவோமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான படிவங்களில் இடமே இருக்காது. அதற்கு 'ஆம்' என்று எழுத முடியாத கலந்தாலோசனை வெறும் சடங்கு.

ஒரே மனிதர் மேல் பல ஒடுக்குமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைச் சட்டம் பார்க்கத் தவறுகிறது என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் விளக்கினார். முதல் கேள்விக்குப் பதில் எழுதும்போது இது கைகொடுக்கும். 'பெண்கள்' என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த வேலை செய்யும், எந்தக் குடியுரிமை நிலையில் உள்ள, எந்தச் சமூகத்துப் பெண்கள் என்று எழுதினால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்பதே தெரியும்.

## பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்வது

அதிகமாகச் சொதப்புவது இங்கேதான். வழக்கமாக நடப்பது இப்படி. ஆய்வு முடிந்து, கோரிக்கை முடிவாகி, செய்தியாளர் சந்திப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது 'ஒரு பாதிக்கப்பட்டவர் பேசினால் நன்றாக இருக்கும்' என்று யாருக்கோ தோன்றும். ஒருவரைத் தேடிப் பிடித்து அவருடைய துயரத்தைச் சொல்ல வைப்பார்கள். அடுத்த மாதம் அவருடைய தொலைபேசி அழைப்பை எடுக்கக்கூட ஆள் இருக்காது.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

1. கூலி. கூட்டத்துக்கு வந்து அனுபவத்தைப் பகிர்பவருக்கு வெளி ஆலோசகருக்குத் தரும் அதே மணிநேர விகிதம் தரப்பட வேண்டும். பயணச் செலவையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 'ரசீது தாருங்கள், பிறகு தருகிறோம்' என்பது கையில் காசு இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நலத்திட்ட உதவி பெறுபவருக்குக் கூலி கொடுத்தால், அந்த வருமானத்தால் உதவி நின்றுபோகலாம். பணத்தை எந்த வடிவில் கொடுப்பது என்பதை அவரிடமே கேட்டு, சட்டப்படி சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

2. ஒப்புதல் படிப்படியாக. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கக் கூடாது. ஆய்வுக்குப் பேசுவது, பெயரை வெளியிடுவது, படம் வெளியிடுவது, நீதிமன்றத்தில் பயன்படுத்துவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி தேவை. வெளியானதை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

3. வழக்கில் மனுதாரராக ஒருவரைச் சேர்க்கும்போது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டிய நாடுகள் பல. அந்தச் சுமை யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சமரசம் பேச எதிர்த்தரப்பு முன்வந்தால் முடிவு யாருடையது என்பதும் அப்படித்தான். அமைப்புக்கு முன்மாதிரித் தீர்ப்பு வேண்டும்; மனுதாரருக்கு இழப்பீடு போதும். இந்த மோதல் வரும் என்று தெரிந்தே தொடங்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் தருவது அமைப்பாக இருந்தாலும், அவர் கடமைப்பட்டிருப்பது மனுதாரருக்கு.

4. திரும்பிப் போதல். ஆய்வின் முடிவு, வழக்கின் நிலை, நிதி எப்படிச் செலவானது என்பவை அவர்களுடைய மொழியில், அவர்கள் பயன்படுத்தும் ஊடகம் வழியாகப் போய்ச் சேர வேண்டும். குரல் செய்தி போதும் என்றால் குரல் செய்தி. நாற்பது பக்கக் கோப்பு வேண்டாம்.

சிரி வழக்கைத் தொடுத்த கூட்டணியில் மனித உரிமை அமைப்புகளோடு ஒரு பெரிய தொழிற்சங்கமும் இருந்தது. இந்த அம்சம் போதுமான அளவு பேசப்படுவதில்லை. பாதிக்கப்படுவோர் ஏற்கெனவே திரண்டிருக்கும் சங்கத்தோடு கைகோப்பது, புதிதாக ஒரு 'சமூக ஆலோசனைக் குழு' அமைப்பதைவிடப் பெரும்பாலும் பயனுள்ளது. ஆலோசனைக் குழுவை அமைப்பு நினைத்தால் கலைத்துவிடலாம். சங்கத்தைக் கலைக்க முடியாது.

## பணம்

நிதி நிறுவனங்கள் தரும் கொடை இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே செலவிடக்கூடிய திட்ட நிதி. மற்றொன்று, அமைப்பு விரும்பியபடி பயன்படுத்தும் பொது நிதி. திட்ட நிதியில் வாழும் அமைப்பு, இலக்குகளை ஓராண்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிறகு எந்தச் சமூகத்திடம் என்ன கேட்டாலும் மாற்ற இடமில்லை. ஆகவே விண்ணப்பத்திலேயே 'முதல் மூன்று மாதம் கலந்தாலோசனை, அதன் பிறகே இலக்கு முடிவாகும்' என்று ஒரு கட்டத்தையும் அதற்கான தொகையையும் சேர்ப்பதுதான் வழி. மறுக்கும் கொடையாளர்கள் இருப்பார்கள். ஆனால் கேட்காமல் கிடைக்காது.

சிறிய அமைப்புகளுக்குத் தன் வழியாக நிதியைக் கடத்தும் பெரிய அமைப்பு கவனிக்க வேண்டியது வேறு. நிர்வாகச் செலவுக்கான பங்கைத் தானே முழுதும் எடுத்துக்கொண்டு, கள வேலைக்கு மட்டும் சிறிய அமைப்புக்குக் காசு கொடுப்பது பரவலான பழக்கம். தணிக்கையாளர், கணக்காளர், வாடகை எல்லாம் சிறிய அமைப்புக்கும் உண்டு. எந்த விகிதத்தில் நிர்வாகச் செலவைத் தான் பெறுகிறதோ, அதே விகிதத்தில் கீழேயும் கொடுக்க வேண்டும். அறிக்கைப் படிவத்தின் நீளமும் தொகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

## ஆள் சேர்ப்பும் ஊதியமும்

வேலை அறிவிப்பில் ஊதிய வரம்பு இருக்க வேண்டும். முந்தைய ஊதியத்தைக் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை, ஊதிய வரம்பை நேர்காணலுக்கு முன்பாவது தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது; முந்தைய ஊதியத்தைக் கேட்பதைத் தடைசெய்கிறது. அதைச் சட்டமாக்க உறுப்பு நாடுகளுக்குத் தரப்பட்ட கெடு 2026 ஜூன் 7. முந்தைய ஊதியம் குறைவாக இருந்தவருக்குக் குறைவாகத் தருவது பழைய பாகுபாட்டை அப்படியே சுமந்துவந்து சேர்ப்பதாகும். பேரம் பேசுவதையும் நிறுத்திவிடலாம். பேரம் பேசத் துணிபவர் அதிகம் பெறுகிறார் என்பதைத் தவிர அதில் வேறு நியாயம் இல்லை.

தேர்வு முறையில் மூன்று மாற்றங்கள் போதும். ஒன்று, சோதனை வேலைக்கு இரண்டு மூன்று மணி நேர உச்சவரம்பு வைத்து, அதற்குக் காசு தருவது. இரண்டு, நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவது. மூன்று, தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் இடுவது. இல்லையென்றால் மூத்தவர் வாயைத் திறந்தவுடன் மற்றவர்களின் மதிப்பெண் மாறிவிடும். பட்டமும், 'பன்னாட்டு மாநாடுகளில் பேசிய அனுபவமும்' உண்மையில் அந்த வேலைக்குத் தேவையா என்று கேட்டுப் பார்த்தால் பாதி நிபந்தனைகள் தாமாகவே உதிரும்.

பல நாடுகளில் ஆள் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு இன்னொரு தலைவலி. தலைமையகத்தில் இருப்பவர் ஊழியர். அவருக்கு விடுப்பும் காப்பீடும் ஓய்வூதியமும் உண்டு. தென்னுலக (ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க) நாட்டில் அதே வேலையைச் செய்பவர் 'ஒப்பந்ததாரர்'. அவருக்கு எதுவும் இல்லை. அந்த நாட்டில் அமைப்புக்குச் சட்டப் பதிவு இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படும். உள்ளூர் இடைநிலை நிறுவனம் வழியாக முறையான ஊழியராக்க முடியும், செலவு கூடும். அதுவும் முடியாத இடத்தில், விடுப்புக்கும் காப்பீட்டுக்கும் ஈடான தொகையை ஒப்பந்தத் தொகையில் சேர்ப்பது குறைந்தபட்ச நியாயம். ஒரே ஊதிய அட்டவணையா, வாழ்க்கைச் செலவுக்கேற்ற அட்டவணையா என்பதில் இரு தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. எதுவானாலும் கணக்கிடும் சூத்திரம் எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பன்னாட்டு அமைப்புகளின் பட்டியலில் இனமும் மதமும் இருக்கும்; சாதி விடுபட்டிருக்கும். அமெரிக்க நகரங்களில் முதன்முதலாக சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது 2023 பிப்ரவரியில்தான்.

## பாதுகாப்புப் பழக்கமே தடையாகும்போது

மற்ற தொண்டு நிறுவனங்களுக்கு இல்லாத, இந்தத் துறைக்கே உரிய சிக்கல் இது. இவர்கள் கண்காணிப்பை எதிர்ப்பவர்கள். ரகசியம் காப்பது இவர்களுடைய தொழில்திறன். அந்தத் திறன் உள்ளே இருக்கும் அதிகாரத்துக்கும் கவசமாகிவிடும்.

தானாக அழியும் செய்திகள். பணிக்குழுவின் உரையாடல் நான்கு வாரத்தில் அழியும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். ஒரு மேலாளர் இழிவாக எழுதுகிறார். பாதிக்கப்பட்டவர் புகார் தர மனம் தேறுவதற்கு இரண்டு மாதம் ஆகிறது. சான்று போய்விட்டது. தீர்வு, அழிப்பதை நிறுத்துவது அல்ல. களத்தில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு அது தேவைதான். உரையாடல்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆபத்துள்ள கள வேலைக்கு அழியும் செய்தி. மேலாண்மை, மதிப்பீடு, ஊதியம் பற்றிய பேச்சுக்கு அழியாத தடம். கூடவே, தனக்கு எதிராக வந்த செய்தியைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு விதி மீறல் ஆகாது என்று கொள்கையில் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால் புகார் தந்தவரே விதி மீறியவராக நிறுத்தப்படலாம்.

'தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்' என்ற தகவல். பாதுகாப்புக் காரணம் சொல்லி நிதிநிலை, ஊதியம், இயக்குநர் குழுவின் குறிப்புகள் எல்லாம் மறைக்கப்படும். கள ஆட்களின் பெயரை மறைக்கக் காரணம் இருக்கிறது. ஊதிய அட்டவணையை மறைக்க என்ன பாதுகாப்புக் காரணம்?

புகார் வழி. குறைந்தது இரண்டு வாசல்கள் வேண்டும்: ஒன்று உள்ளே, ஒன்று அமைப்பின் இயக்குநருக்குக் கீழ்ப்படியாத வெளி ஆள். புகார் கிடைத்ததாக எத்தனை நாளில் பதில், எத்தனை நாளில் விசாரணை முடிவு என்பது தேதிக் கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புகார் இயக்குநர் மேலேயே என்றால் யார் விசாரிப்பது என்பதும். சிறிய துறை இது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புகழ்பெற்ற ஒருவர் மேல் புகார் சொல்பவர் ஓர் அமைப்பை மட்டுமல்ல, முழுத் துறையையும் இழக்க நேரிடும். அதனால்தான் வெளி ஆள் அவசியம்.

'எங்களிடம் மேல் கீழ் இல்லை.' திறந்த மூலப் பண்பாட்டிலிருந்து (மென்பொருளின் நிரலை யாவருக்கும் திறந்துவைத்துக் கூட்டாக எழுதும் வழக்கம்) வந்த அமைப்புகள் விரும்பிச் சொல்லும் வாசகம். எழுதப்பட்ட கட்டமைப்பு இல்லாத குழுவில் எழுதப்படாத கட்டமைப்பு உருவாகும், அதைக் கேள்வி கேட்கவும் முடியாது என்று அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-களிலேயே பெண்ணிய இயக்கத்தை முன்வைத்துச் சொல்லிவிட்டார். ஒரு பக்க அட்டவணை போதும்: எந்த வகை முடிவு, யார் எடுப்பது, யாரிடம் கட்டாயம் கேட்பது, எவ்வளவு தொகை வரை, எங்கே பதிவாகும்.

## ஊழியர்களை எண்ணுவதில் உள்ள பொறி

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அறியத் தரவு வேண்டும். ஆனால் இன மூலம், மதம், உடல்நிலை, பாலியல் சார்பு போன்றவை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 9-ஆம் பிரிவுப்படி சிறப்புப் பாதுகாப்புள்ள தரவுகள். 20 பேர் உள்ள அமைப்பு 'ஆண்கள் 10, பெண்கள் 9' என்று வெளியிட்டால், மீதமுள்ள ஒருவரை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த ஒருவரின் எண்ணை மறைப்பதால் பயனில்லை. மொத்தத்திலிருந்து கழித்தால் தெரிந்துவிடும்.

வழிமுறை இதுதான். பதில் சொல்வது விருப்பம். பெயரின்றி, முடிந்தால் வெளி ஆள் வழியாகச் சேகரிப்பு. ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவும் தனியாக வெளியிடப்படாது, பிற பிரிவோடு இணைக்கப்படும். இரண்டு பண்புகளைக் குறுக்காகச் சேர்த்த அட்டவணை கிடையாது. மூலத் தரவு அழிக்கப்படும் தேதி முன்பே அறிவிக்கப்படும். 20 பேருக்கும் குறைவான அமைப்பு எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பார்ப்பது நல்லது: யார் விலகிப் போகிறார்கள், ஏன், எத்தனை ஆண்டில்.

## மொழி, நேரம், கருவி

ஒருவர் பேசப் பேசவே வாய்மொழியாக மொழிபெயர்ப்பதற்கு ஒரு மொழி இணைக்கு இரண்டு பேர் வேண்டும்; 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரை மட்டும் வைத்து இரண்டு மணி நேரக் கூட்டம் நடத்தினால் பிற்பாதி பயனற்றதாகும். ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் ஒரு நாளில் ஏறத்தாழ 2,000 சொற்கள் செய்வார். முந்தின இரவு வரைவை அனுப்பிவிட்டுக் கருத்துக் கேட்பது, ஆங்கிலம் தெரிந்தவரிடம் மட்டும் கேட்பதாகும். கூட்ட நேரத்தைச் சுழற்சியில் மாற்றினால் நள்ளிரவில் விழித்திருக்கும் சுமை பகிரப்படும்.

கட்டற்ற மென்பொருள் மீதான பற்று இத்துறையில் ஆழமானது, சரியானதும்கூட. ஆனால் திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) வேலை செய்யாத கருவியைக் கொள்கைக்காக வைத்திருந்தால் பார்வையற்ற ஊழியரின் வேலையே நின்றுபோகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு, விசைப்பலகையால் மட்டுமே இயக்கும் வசதி ஆகியவை வலை அணுகல்தன்மை நெறிகளின் இடைநிலைத் தரத்தில் உள்ளவை. கருவியை வாங்கும் முன்பே சோதிக்கலாம். மறையாக்கப்பட்ட மின்னஞ்சல் ஒன்றே தொடர்பு வழி என்று வைத்தால், உதவி தேவைப்படுபவரில் பெரும்பாலோர் தொடர்புகொள்ளவே மாட்டார்கள்.

## எங்கே சறுக்குகிறது

முதல் சறுக்கல், 'பன்முகத்தன்மைக் குழு' அமைத்து அதில் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம் ஊழியர்களைப் போடுவது. பட்ஜெட் இல்லை, அதிகாரம் இல்லை, வழக்கமான வேலை குறையவும் இல்லை. ஒரே ஆண்டில் சோர்ந்து விலகுகிறார்கள். குழு வேண்டுமானால் வேலை நேரத்தின் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கி, பணி மதிப்பீட்டிலும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒருநாள் பயிற்சி வகுப்போடு முடித்துக்கொள்வது. பயிற்சியால் சொற்கள் மாறும். ஊதிய சூத்திரம் மாறாது.

மூன்றாவது சறுக்கல் எதிர்த் திசையில்: எல்லாவற்றுக்கும் எல்லோரிடமும் கேட்பது. ஒரு நாட்டில் இரவோடு இரவாக இணையம் முடக்கப்படும்போது மூன்று மாதக் கலந்தாலோசனைக்கு நேரமில்லை. அமைதியான நாட்களிலேயே விதியை எழுதி வைத்துக்கொள்வது ஒன்றே வழி. எந்த வகை நெருக்கடியில், எந்த இரண்டு மூன்று பேர், யாரிடமும் கேட்காமல் எதுவரை பேசலாம். அந்த நாட்டுக் கூட்டாளி அமைப்பில் யாருடைய ஒரு சொல்லுக்கு அறிக்கையை நிறுத்தும் உரிமை உண்டு. நெருக்கடி ஓய்ந்து எத்தனை நாளுக்குள் அந்த முடிவை எல்லோரும் சேர்ந்து மறுபரிசீலனை செய்வது என்பவை அதில் இருக்கும். நிறுத்தும் உரிமை உள்ளவரின் தொடர்பு எண், இணையம் இல்லாதபோதும் இயங்கும் எண்ணாக இருக்க வேண்டும்.